உடறேன்னு சொல்லிட்டு உடணும்

அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு கரித்துணி. தரையில் வைத்ததும் சட்டென்று கையை எடுத்துவிடக் கூடாது. "உடறேன்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எதிரே இருப்பவள் "உடு" என்ற பிறகுதான் கையை எடுக்க வேண்டும். பால்வாடியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேறொன்றும் பெரிதாக இல்லை. மற்றதெல்லாம் டிரெயினிங்கில் சொல்லிவிட்டார்களாம். சுவரில் சார்ட் கூட ஒட்டியிருக்கிறீர்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, படத்தை மட்டும் பார்த்தேன். அந்தக் கேரட் ரொம்ப அழகாக இருந்தது.

நான் சொல்லச் சொல்ல, உங்களோடு வேலை பார்க்கிற செல்விதான் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றிப் போடு, அந்தக் காலத்து ஆட்களும் நானும் பேசிக்கொண்டதை மட்டும் மாற்றாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஆட்கள் யாரும் இப்போது இல்லை. பேச்சாவது இருக்கட்டும்.

அடுத்த வாரம் உங்கள் சென்டருக்கு ஓசூர்க் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், பிள்ளைகளுக்குத் தினமும் பால் பாக்கெட் தரப்போகிறார்கள், அவர்களிடம் என்ன பேசுவது என்று கேட்டீர்கள். எனக்கு ஒரே சந்தோஷம். ஒன்று, பிள்ளைகளுக்குப் பால் வருகிறது. இன்னொன்று, ஓய்வு பெற்றவளிடம் யோசனை கேட்க ஆள் வருகிறது. வீட்டில் என் யோசனையைக் கேட்பது டிவி மட்டும்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதன்முதலாக ஓட்டுப் போட்டோமே, அந்தச் சமயம். ஓசூரில் அப்போது கம்பெனி எதுவும் கிடையாது, ஒரு தெருவில் ஆரம்பித்தால் அடுத்த தெருவில் ஊர் முடிந்துவிடும். மழை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. தேன்கனிக்கோட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் ஊர். அங்கே பஞ்ச காலத்துப் பால் சென்டர் ஒன்றைத் திறந்தார்கள். கடல் தாண்டிப் பணக்கார தேசம் ஒன்று அனுப்புகிற பால் பவுடர். அதைக் கரைத்து ஊற்ற ஆள் வேண்டும். அந்த ஊரில் பாதிப் பேர் கன்னடம், கொஞ்சம் பேர் தெலுங்கு, மிச்சம் தமிழ். எனக்கு மூன்றும் வரும். அதற்காகத்தான் வேலை கிடைத்தது.

முதல் நாளே ஒரு கூத்து. டிரம்மைத் திறந்தால் மாவு மாதிரி இருக்கிறது. மாவு என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கொட்டித் துடுப்பால் கிண்டினால் களி. ராகி அப்படித்தான், இதுவும் அப்படித்தான் என்று கொட்டிக் கிண்டிவிட்டேன். திரண்டு கட்டிகட்டியாக நின்றது. பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, தொட்டுக்க என்ன என்று கேட்டார்கள்.

நர்சம்மா வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது?"

"களிங்க."

"பாலை யாராவது களி கிண்டுவாங்களா?"

"மாவு குடுத்தீங்க, கிண்டுனேன். பால்னா அது தண்ணியா இல்ல வரணும்?"

அவர் சிரித்தார். பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வேலூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் சென்டருக்கு மேலே அவர்தான். நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் இங்கேயும் நர்சம்மா என்றே இருக்கட்டும். "உடறேன்" சொல்லச் சொல்லிப் பழக்கியவரும் அவர்தான். என்னோடு அண்டா பிடித்தவள் ஒருநாள் பேச்சு மும்முரத்தில் கையை எடுத்துவிட்டாள். சுடுபால் என் இடது காலில். அந்தத் தழும்பைத்தான் நீங்கள் படை என்று நினைத்து ஆயின்ட்மென்ட் வாங்கிக் கொடுத்தீர்கள். நன்றி, முட்டிக்குத் தடவிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணை நர்சம்மா திட்டவில்லை. "கை வலிச்சா உடலாம், வேற வேலை வந்தா உடலாம். சொல்லிட்டு உடு. எதிர்ல ஒருத்தி நிக்கறா" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஊரில் கெம்பம்மா என்று ஒருத்தி இருந்தாள். கன்னடக்காரி, தனிக்கட்டை. என்னைவிட மூத்தவள், ஆனாலும் என்னை, நர்சம்மாவை, எல்லாரையும் "தாயி" என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம் ஓர் எருமை. பெயர் கௌரி. ஊரில் காசு உள்ள நாலு வீட்டுக்குப் பால் ஊற்றிப் பிழைத்தாள். கறந்ததும் முதல் உழக்கைத் தனியாக எடுத்து வைப்பாள். அது தாயில்லாத கைக்குழந்தைக்கு. அதற்கு விலை கிடையாது. அவள் மாமியார் காலத்திலிருந்து அப்படி. ஊரில் அப்படி ஒரு குழந்தை இல்லாத காலத்திலும் எடுத்து வைப்பாள். பொழுது சாயும்வரை யாரும் வராவிட்டால் உறை ஊற்றிவிடுவாள்.

நான் போனபோது அந்த உழக்கு மாதிக்குப் போய்க்கொண்டிருந்தது. மாதப்பனின் மகள். அவளைப் பெற்றதோடு தாய் போய்விட்டாள். மாதப்பன் பஞ்ச வேலையில் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிறவன். புளியமரத்தில் ஏணை கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டுக் கல் உடைப்பான். காலையில் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து கெம்பம்மா வாசலில் நிற்பான். "எங்கூட்டு மகாராணி வந்துட்டாங்க. எரும எழுந்து நிக்கட்டும்" என்பான். கெம்பம்மா உள்ளேயிருந்தே, "மகாராணியோட சேவகன் மூஞ்சி கழுவுனானா?" என்று கேட்பாள்.

நாங்கள் சென்டர் திறந்தது கெம்பம்மாவுக்குக் கெடுதலாகப் போய்விட்டது. யாரும் நினைத்துச் செய்யவில்லை. பிள்ளைக்கு ஓசியில் பால் கிடைக்கும்போது யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஒவ்வொரு வீடாக நின்றது. ஒருநாள் வந்து எங்கள் அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஒங்க எரும எந்த ஊர்ல மேயுது தாயி? புல்லே திங்காம கறக்குதே."

எனக்குச் சிரிப்பு வந்தது, நர்சம்மாவுக்கு வரவில்லை. கௌரியை விற்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனார்.

"விக்காத. எங்களுது கொழுப்பெடுத்த பால். மாதி மாதிரிக் கைக்கொழந்தைக்கு ஒன்னோட பால்தான் நல்லது."

"வைக்கோல் நீ குடுப்பியா தாயி? கூரையில இருந்ததையும் உருவிப் போட்டுட்டேன், பாரு. வாங்கறவங்க எல்லாம் ஒங்கிட்ட வந்துட்டாங்க. நான் கறந்து யாருக்கு ஊத்தறது?"

வைக்கோல் கொடுக்க நர்சம்மாவுக்கு யாரும் உத்தரவு கொடுத்திருக்கவில்லை. பவுடருக்குத்தான் உத்தரவு.

கெம்பம்மா எருமையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "மாதிக்கு இனிமே நீங்கதான். தெனமும் பாக்கறேனே, நீங்க அண்டா எறக்கறத. அது மாதிரி நானும் சொல்லிட்டேன். உடறேன் தாயி."

நர்சம்மா "உடு" என்றார். இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், இந்த விவகாரத்தில் சொல்லிவிட்டுக் கையை எடுத்தவள் கெம்பம்மா ஒருத்திதான். கௌரியைத் தரகன் ஒருவன் மத்தூர்ச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

அதன் பிறகு மாதிக்கு எங்கள் பால். நர்சம்மா சொன்னபடி தனியாகக் காய்ச்சி, வெல்லம் கரைத்து, துளி நல்லெண்ணெய் விட்டு, சங்கில் புகட்டுவேன். தேறித்தான் வந்தாள். கையை ஆட்டிச் சங்கைத் தட்டிவிடுகிற அளவுக்குத் தேறினாள்.

அப்போதுதான் அந்தத் துரை வந்தார். பால் அனுப்புகிற தேசத்திலிருந்து, பால் எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்க. முந்தின நாளே ஓர் அதிகாரி வந்து, "நாளைக்குக் கெட்டியா கரைங்க. சக்கரையும் போடுங்க" என்றார்.

"எப்பவும் போலத்தான் கரைப்போம். அப்பத்தான் அவருக்கு நெலமை தெரியும்" என்றார் நர்சம்மா.

"தண்ணிப் பாலைக் காட்டி மானத்த வாங்காதீங்க" என்று அதிகாரி முடித்துவிட்டார்.

கெட்டியாகத்தான் கரைத்தோம். ஒரு பெண் குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டு என் சேலையை இழுத்து, "அக்கா, இன்னிக்கி யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டது. காரியத்துக்குத்தானே ஊரில் அப்படி இனிப்பு.

துரை நல்ல மனிதர். அதையும் சொல்ல வேண்டும். வெயிலில் முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. தரையில் உட்கார்ந்தார். மாதியைத் தூக்கினார். அவள் அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள், அவர் பிடுங்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

அதிகாரி தமிழில் சொன்னார்: "பால் புடிச்சிருக்கான்னு கேக்கறார்."

"புடிச்சிருக்குதுங்க. நான் ஒண்ணு கேக்கணும், கேட்டுச் சொல்றீங்களா?"

"கேளு."

"இத எப்ப நிறுத்துவாங்கன்னு கேளுங்க. முன்னாடியே சொல்லிட்டா நாங்க பாத்துக்குவோம். இங்க இருந்த எருமையயும் வித்துட்டாங்க."

அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். துரையின் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னார். துரை சிரித்தார். நெஞ்சில் கை வைத்தார். பிறகு பால் பிசுபிசுக்கிற என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல் தெரியாது. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு எந்த மனிதரும் சிரிக்க மாட்டார். என் கேள்வி போய்ச் சேரவில்லை என்று அந்தச் சிரிப்பில் தெரிந்துகொண்டேன்.

ஜீப் ஏறும் முன் அதிகாரி தனியாக வந்து சொன்னார்: "வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட எப்ப போவீங்கன்னு கேப்பியா? கோவிச்சுக்கிட்டு நாளைக்கே நிறுத்திட்டா?" அவரும் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் பவுடர் லாரி வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. துரை கெட்டிப் பாலைப் பார்த்துவிட்டுப் போனதால்தான் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. நர்சம்மா டவுனுக்கு நடையாக நடந்தார். கப்பல் வரவில்லை என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டதற்கு மறுபடியும் கப்பல் வரவில்லை என்றார்கள்.

கடைசி டிரம் பாதிக்குக் கீழே போனபோது நர்சம்மா என்னிடம், "நான் மறுபடி டவுனுக்குப் போறேன். நீ பாத்துச் செய்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன செய்வது என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

எல்லாருக்கும் ஊற்றினால் நாலு நாளில் தீரும், தண்ணீராகக் கரைத்தால் இன்னும் நாலு நாள். கைக்குழந்தைகளுக்கு மட்டும் வைத்தால் ரொம்ப நாள் தள்ளலாம். நடக்கிற பிள்ளை கூழையாவது குடிக்கும், கீரையையாவது பிடுங்கித் தின்னும். பல் முளைக்காததுக்கு என்ன இருக்கிறது? டிரம்மை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

தாய்மார்கள் டம்ளரோடு வந்துவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். மூன்று பாஷையிலும் திட்டினார்கள். மூன்றும் எனக்குப் புரிந்தது, அதற்காகத்தானே வேலைக்கு எடுத்தார்கள். ஒருத்தி, அப்போதுதான் நடக்கப் பழகின பையனை இடுப்பில் வைத்திருந்தாள். அவள் கத்தவில்லை.

"எம்புள்ளைக்குப் பல்லு மொளச்சது தப்பா?" என்று கேட்டாள்.

மாதப்பன் கூட்டத்துக்குப் பின்னால் மாதியை வைத்துக்கொண்டு நின்றான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். "எல்லாருக்கும் ஊத்திடுக்கா. எம்புள்ளைக்காவ ஊரு வாயில நான் உழ முடியாது" என்றான்.

"நீ சும்மா இரு. ஒனக்கா ஊத்தறேன்?" என்றேன். எழுந்திருக்கவில்லை.

இடுப்பில் பையனை வைத்திருந்தவள்தான் முதலில் திரும்பினாள். போகிற போக்கில் டம்ளரை என் காலடியில் போட்டுவிட்டு, "அந்தக் கொழந்தைக்கு ஊத்து. இதுலயே ஊத்து" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பையன் மெலிந்துதான் போனான், ஆனால் பிழைத்துக்கொண்டான். அவனுடைய பேத்தி உங்கள் சென்டரில்தான் படிக்கிறது, இரட்டைச் சடை போட்டுக்கொண்டு வருமே, அது.

டிரம் ஒருநாள் தீர்ந்தது. வழித்துக் கழுவி ஊற்றிய தண்ணீரும் தீர்ந்தது. அப்புறம் ராகியை ஊறவைத்து அரைத்துத் துணியில் பிழிந்து காய்ச்சிக் கொடுத்தேன். மாதி துப்பினாள், பிறகு பழகினாள். ஊரில் ஆடுகளுக்கும் மடி வற்றிவிட்டது. கெம்பம்மா செம்பை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பால் தேடிப் போனாள். யானை நடமாடுகிற காட்டோரத்துப் பட்டி வரைக்கும் போய்க் கொஞ்சம் வாங்கிவந்தாள். வெயிலில் வழியிலேயே திரிந்துவிட்டது. அதைக் கீழே ஊற்ற மனம் வராமல் செம்போடு சென்டர் வாசலில் நின்றாள்.

கிணற்றில் சேறுதான் இருந்தது. மாதிக்கு வயிறு போக ஆரம்பித்தது. பெரிய நோய் என்று பெயர் சொல்ல ஒன்றும் இல்லை. அழுகை சின்னதாகிக்கொண்டே வந்தது. மாதப்பன் கல் உடைக்கப் போயிருந்த பகல் நேரத்தில், என் மடியில் முடிந்துபோனாள். ஆள் அனுப்பினேன். அவன் சம்மட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்தபடியே நின்றான். நான்தான் வாங்கிச் சுவரோரம் வைத்தேன்.

லாரி அதற்கப்புறம் வந்தது. முன்னைவிட நிறைய டிரம். டிரைவர் சொன்னார், வேறொரு தேசத்தில் வெள்ளமாம், கப்பலை அங்கே திருப்பிவிட்டார்களாம்.

நான் டிரம்மை எட்டி உதைத்தேன். நர்சம்மா தடுக்கவில்லை. "அங்கயும் புள்ளைங்கதான குடிச்சிருக்கும்" என்றார். பிறகு, "திருப்பினது தப்பில்ல. சொல்லாம திருப்பினதுதான்" என்றார்.

அந்த அதிகாரி எப்போதும் 'அவர்களுடைய பெருந்தன்மை' என்பார். நர்சம்மாவுக்கு அந்தச் சொல் ஆகாது. "இங்கேருந்து எத்தன வருஷம் கப்பல் கப்பலா ஏத்திக்கிட்டுப் போயி அந்தப் பக்கத்துச் சீமைங்க கொழுத்துது. இப்ப ஒரு கப்பல் திரும்பி வந்தா அது பெருந்தன்மையா? அண்டாவுல ஒரு பக்கம் அவங்க புடிச்சாகணும்" என்பார். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அண்டா தெரியும். பலசாலி ஒரு பக்கம் பிடித்தால் எதிரே இருப்பவள் அவனை நம்பி முழுப் பாரத்தையும் சாய்த்துவிடுவாள். அவன் சொல்லாமல் விட்டால் அவளுக்குத்தான் வேகும். பிடிக்காமலே இருந்திருந்தால் அவள் சின்னப் பானையில் காய்ச்சியிருப்பாள், ஓர் எருமையை வைத்துக்கொண்டு.

மறுபடி அண்டா ஏற்றிய அன்று வரிசையில் கெம்பம்மா நின்றாள், கையில் டம்ளரோடு. ஊருக்குப் பால் ஊற்றினவள். டம்ளரை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஊற்றப் போனேன்.

"மொதல் ஒழக்கு எடுத்து வெச்சியா தாயி?"

"யாருக்குக்கா? அதான் இல்லையே இப்ப."

"எடுத்து வை. வரும்."

எடுத்து வைத்தேன். அன்றைக்கு யாரும் வரவில்லை, உறை ஊற்றினேன். மறுநாளும் அப்படித்தான். ஆனால் ரொம்ப நாள் உறை ஊற்றவில்லை. ஒரு கிழவர் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்து வாசலில் நின்றார். அதற்குப் பிறகு நான் வேலை செய்த எல்லா இடத்திலும் முதல் கரண்டியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். இது யாருக்கு என்று எத்தனையோ அதிகாரிகள் கேட்டார்கள். வருவாங்க என்று சொல்வேன்.

கம்பெனிக்காரர்கள் வரட்டும். பாலை வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சப்படாமல் வாங்குங்கள், அது பிள்ளைகளுடையது. அன்றைக்கு மட்டும் தரையைப் பளபளவென்று துடைக்காதீர்கள். ஒழுகுகிற ஓட்டைக் காட்டுங்கள். போட்டோ எடுத்தால் சிரியுங்கள், செல்விக்குச் சிரித்தால் நன்றாக இருக்கும். இப்போது வாங்குகிற பால்காரரை உடனே நிறுத்திவிடாதீர்கள். அப்புறம் அவர்களில் பெரியவர் யாரோ அவரிடமே கேளுங்கள், இதை எப்போது நிறுத்துவீர்கள், நிறுத்தும் முன் எங்களிடம் சொல்வீர்களா என்று. நடுவில் ஒருவர் நின்று வேறு பாஷையில் சொன்னால், கேட்கிறவர் முகத்தை மட்டும் பாருங்கள்.

அவர் சிரித்தால் கேள்வி போய்ச் சேரவில்லை. மறுபடியும் கேளுங்கள்.